திருவிழாக் கூட்டத்தில் அந்நியர் யார்? கேட்காமல் எடுக்கும் படங்கள் பற்றி ஓர் ஆசிரியரின் அனுபவம்

"சேர், தேருக்கு வர்றவங்ககிட்ட கேக்காம போட்டோ எடுத்தா தப்பா?"

எங்கள் பாடசாலை ஊடகக் கழகத்தில் இருக்கும் பத்தாம் தர மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவளுடைய தோட்டத்தில் மாரியம்மன் கோவில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் பழைய கையடக்கத் தொலைபேசி ஒன்று அவளிடம் இருக்கிறது. அதில் திருவிழாவைப் படமெடுத்து, பாடசாலைச் சுவர்ப் பத்திரிகையில் ஒட்ட வேண்டும் என்பது அவளது ஆசை.

ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலம் முதல் கையில் கெமராவோடு திரிபவன் நான். இந்தக் கேள்விக்குப் பிழையான விடையை ஒருமுறை நானே செய்து காட்டியிருக்கிறேன். அதன் பிறகுதான் இந்தக் கலையின் வரலாற்றையும் சட்டத்தையும் தேடிப் படித்தேன். இன்று பெருநாள் திடலிலும் தேர்த் திருவிழாவிலும் பெரஹராவிலும் கெமரா இல்லாத கையைக் காண்பதே அரிது. ஆகவே அந்த மாணவிக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கடைக் கணக்கில் இருந்த கூட்டம்

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் இருக்கும் சின்னப் புகையிரத நிலையம்தான் றொசல்ல. சுற்றிவரத் தேயிலைத் தோட்டங்கள். மழை ஓய்ந்திருக்கும் மாதங்களில் தோட்டத்துக்குத் தோட்டம் திருவிழா நடக்கும். கரகம், பால்குடம், காவடி, தப்பு அடிப்பவர்கள், கடைசியில் மின்விளக்கு அலங்காரத்தோடு தேர். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாம் அந்த இரண்டு மூன்று நாளைக்கு ஊர் திரும்புவார்கள்.

எங்கள் வாப்பா பசாரில் சில்லறைக் கடை வைத்திருந்தார். தேர் பசாருக்கு வரும் நாளில் கடை வாசலில் பெரிய பாத்திரத்தில் சர்பத் கரைத்து வைப்பார். சிறு வயதில் கோப்பை எடுத்துக் கொடுப்பது என் வேலை. தேருக்கு முன்னால் ஆடி வருபவர்கள், தோளில் பிள்ளையை வைத்திருப்பவர்கள், ஓரமாக நடந்து வரும் கிழவிகள் என எல்லோருடைய பெயரும் வாப்பாவின் கடன் கொப்பியில் இருந்தது. நான் பார்த்து வளர்ந்த கூட்டத்தில் முகம் தெரியாதவர் என்று அநேகமாக எவரும் இல்லை. இதைக் குடும்பப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கட்டுரையின் மையமே இதுதான் என்பதால் சொல்கிறேன்.

'கென்டிட்' என்றால் என்ன?

நம் வீடுகளில் பழைய படங்கள் பெரும்பாலும் ஸ்டூடியோப் படங்கள். கலியாணத்துக்கு, அடையாள அட்டைக்கு, வெளிநாடு போகக் கடவுச்சீட்டுக்கு எடுத்தவை. படம் எடுக்கப்படுகிறது என்பது எடுக்கப்படுபவருக்குத் தெரியும். அவர் தலைசீவி, சட்டையை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தன்னை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவரே தீர்மானித்த முகம் அது.

'கென்டிட்' படம் இதற்கு நேர்மாறானது. படம் எடுக்கப்படுவது அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தாலும் அதற்காக அவர் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. சர்பத் குடிக்கும்போது கண்ணை மூடும் பிள்ளை, தேரைப் பார்க்காமல் தன் மகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய், தப்பை நெருப்பில் காய்ச்சும் கிழவர். இப்படிப்பட்ட கணங்களைச் சொல்லி வரவழைக்க முடியாது. "கொஞ்சம் சிரிங்க" என்று சொன்ன அந்த நொடியிலேயே அவை போய்விடும். திருவிழாக்களை இந்தக் கலைக்காரர்கள் விரும்புவதற்குக் காரணமும் இதுதான். கூட்டத்தில் எல்லோரும் வேறொன்றில் மூழ்கியிருக்கிறார்கள். கெமராவைக் கவனிக்க எவருக்கும் நேரமில்லை.

இதன் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஐம்பது வருடங்களுக்கு முன் நம் பசார் எப்படி இருந்தது, பெண்கள் என்ன உடுத்தினார்கள், பெருநாள் தொழுகை முடிந்து மக்கள் எப்படிக் கட்டித் தழுவினார்கள் என்று அறிய ஸ்டூடியோப் படங்கள் உதவ மாட்டா. யாரோ ஒருவர் தெருவில் நின்று கேட்காமல் எடுத்த படம்தான் சாட்சி சொல்லும்.

கண்ணாடித் தட்டிலிருந்து சட்டைப் பைக்குள்

புகைப்படக்கலை வரலாற்றின் பெரிய பெயர் ஒன்று எங்கள் மலைநாட்டிலேயே அடங்கியிருக்கிறது. ஜூலியா மார்கரட் கமரன் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. 48 வயதில் படம் எடுக்கத் தொடங்கி உலகப் புகழ் பெற்றவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் காலமானார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. றொசல்லயிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை சிலவே. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் இருக்கிறார்கள். ஆனால் அவை கென்டிட் படங்கள் அல்ல, அந்தக் காலத்தில் அப்படி எடுக்கவும் முடியாது. கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவ வேண்டும். எடுக்கப்படுபவர் பல வினாடிகள், சிலவேளை நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். ஓடும் தேரை அந்தக் கெமராவால் பிடிக்க முடியாது. படமெடுப்பவரின் பெயர் உலகத்துக்கே தெரியும். அவருக்கு முன்னால் அசையாமல் நின்ற தொழிலாளரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மாற்றம் 1925இல் வந்தது. ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் 'லைக்கா' என்ற சின்னக் கெமரா அறிமுகமானது. ஒஸ்கார் பார்னக் என்ற பொறியியலாளர் சினிமாப் பிலிமைப் பயன்படுத்தி உருவாக்கியது. கோட்டுப் பைக்குள் அடங்கும், ஒரு சுருளில் 36 படம் எடுக்கலாம். முக்காலியும் கறுப்புத் துணியும் தேவையில்லை. புகைப்படக்காரன் கூட்டத்தில் ஒருவனாகக் கலந்தான்.

அந்தக் கெமராவால் புகழ்பெற்றவர் பிரான்ஸின் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். மின்னும் பாகங்கள் கண்ணில் படாதிருக்கத் தன் லைக்காவைக் கறுப்பு நாடாவால் சுற்றி வைத்திருந்தவர். 1952இல் வந்த அவரது நூலுக்கு ஆங்கிலத்தில் 'தீர்க்கமான கணம்' என்று பொருள்படும் தலைப்பு. பிரெஞ்சு மூலத் தலைப்போ, அவசரமாக, களவாகப் பிடித்த படங்கள் என்ற பொருளில் இருக்கிறது. ஒரே நூலுக்கு இரண்டு பெயர். இந்தக் கலையின் இரண்டு பக்கமும் அதில் இருக்கின்றன. இன்னொரு செய்தியும் உண்டு: உலகத்தையே கேட்காமல் படமெடுத்த அந்த மனிதருக்குத் தன்னைப் பிறர் படமெடுப்பது பிடிக்காது.

அமெரிக்காவின் வாக்கர் எவன்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். 1938 முதல் 1941 வரை நியூயோர்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் கெமராவை மறைத்து, பொத்தான் இடைவெளியால் லென்ஸை நீட்டி எதிரில் இருந்தவர்களைப் படமெடுத்தார். ஆனால் அந்தப் படங்கள் நூலாக வந்தது 1966இல். எடுத்ததற்கும் நூலானதற்கும் இடையில் கால் நூற்றாண்டு.

இவர்களின் புகழ்பெற்ற படங்களில் பல எடுக்கப்பட்டது பாரிஸ், நியூயோர்க் போன்ற பெருநகரங்களில். அங்கே எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் மீண்டும் சந்திக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. படத்தைப் பார்ப்பவருக்கும் அது யாரென்று தெரியாது. அந்தக் கலையின் வழக்கங்கள் எல்லாம் இந்த முகம் தெரியாமையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. நாமோ அந்த வழக்கங்களை அப்படியே எடுத்துக்கொண்டு தோட்டத்துத் தேருக்கு வந்துவிடுகிறோம்.

நான் எடுத்த படம்

சுமார் பத்து வருடங்களுக்கு முன் நடந்தது. எங்கள் பகுதித் தோட்டமொன்றின் திருவிழா. கரகம் தூக்கிய பெண்ணொருவர் அருள் வந்து ஆடத் தொடங்கினார். தப்புச் சத்தம் உச்சத்தில் இருந்தது. அவிழ்ந்த கூந்தல் காற்றில் விரிந்தது, ஊற்றிய மஞ்சள் தண்ணீர் முத்து முத்தாகத் தெறித்தது, பின்னால் மாலை வெயில். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். ஒரே 'கிளிக்'. பார்த்தபோதே தெரிந்தது, இதுவரை நான் எடுத்ததில் இதுதான் சிறந்த படம் என்று.

அன்றிரவே முகநூலில் போட்டேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். இரண்டு நாளில் யாரோ ஒருவர் அந்தப் படத்தை எடுத்து, கேலியான வரியொன்றைச் சேர்த்து வேறொரு பக்கத்தில் போட்டார். கீழே சிரிப்புகள். பெண்ணின் சேலை விலகியிருந்ததைச் சுட்டிக்காட்டிச் சிலர் எழுதியதை இங்கே சொல்ல முடியாது. படத்தின் மூலையில் என் பெயர் இருந்தது. ஒரு முஸ்லிம் பெயர்.

அந்தப் பெண்ணின் மகன் எங்கள் பாடசாலையில் எட்டாம் தரத்தில் படித்தான். வகுப்பில் பிள்ளைகள் போனைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். மூன்று நாள் அவன் வரவில்லை. நான்காம் நாள் தோட்டத் தலைவர் எங்கள் கடைக்கு வந்தார். என்னிடம் பேசவில்லை, வாப்பாவிடம்தான் பேசினார்.

"முதலாளி, சேர் தெரியாம செஞ்சிருப்பாரு. நமக்குத் தெரியும். ஆனா பொடியனுங்க கோவமா இருக்கானுங்க. சாமிய வச்சுப் பகிடி பண்றாங்கன்னு பேசிக்கிறானுங்க."

முப்பது வருடம் அந்தத் தேருக்கு சர்பத் கரைத்த மனிதர் என் வாப்பா. அவர் கணக்குக் கொப்பியை மூடி வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வா மகன், போய்ட்டு வருவம்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. லயம் வரை இருவரும் பேசாமல் நடந்தோம்.

அந்தப் பெண் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன், படத்தை அழித்துவிட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார்.

"சாமி வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது சேர். சீல விலகினதும் தெரியாது, முடி அவுந்ததும் தெரியாது. சுத்தி நிக்கிறவங்க பாத்துக்குவாங்கன்னுதானே ஆடுறோம்."

சுற்றி நின்றவர்களில் நானும் ஒருவன். மற்றவர்கள் அவர் கீழே விழாமல் பிடித்தார்கள், சேலையை இழுத்துவிட்டார்கள், தேசிக்காயும் தண்ணீரும் கொடுத்தார்கள். நான் படம் எடுத்தேன்.

நாங்கள் புறப்படும்போது அவர் கேட்டார்: "கரகம் தூக்கறதுக்கு முந்தி நின்னப்ப எடுத்தீங்களே, அது இருக்கா சேர்? இருந்தா ஒண்ணு கழுவித் தாங்க." மஞ்சள் சேலையோடு, பூ வைத்து, கரகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் நேராகக் கெமராவைப் பார்த்து நின்ற படம் அது. கலையாக அதில் ஒன்றுமில்லை என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன். ஹட்டனில் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகன் அடுத்த வாரம் பாடசாலைக்கு வந்தான். ஆனால் அந்த வருட முடிவு வரை என் முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பொது இடத்தில் நிற்பவரைப் படமெடுக்க அவரது அனுமதி வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயப்படுத்தும் சட்டம் இலங்கையில் இல்லை. பாதுகாப்பு வலயங்கள் போன்ற இடங்களுக்குத் தனி விதிகள் உண்டு, வணக்கத்தலங்கள் தமக்கென ஒழுங்குகள் வைத்திருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காக மட்டும் வைத்திருக்கும் தரவுகளைத் தொடுவதில்லை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கோடு அவரது தனிப்பட்ட தகவலை இணையத்தில் வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. கருத்துச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்று அந்தச் சட்டத்துக்கு எதிராகக் கடும் விமர்சனங்களும் எழுந்தன. கவனித்துப் பார்த்தால், இரண்டு சட்டங்களுமே ஷட்டரை அமுக்கும் கணத்தைவிட அதன் பிறகு படம் எங்கே போகிறது என்பதையே அதிகம் பார்க்கின்றன.

ஜெர்மனியில் இது நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிந்தனை. 1898இல் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவு, இரண்டு புகைப்படக்காரர்கள் வீட்டுக்குள் நுழைந்து மரணப் படுக்கையைப் படமெடுத்தார்கள். நாடு கொதித்தது. அதன் விளைவாக வந்த 1907ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரது படத்தை வெளியிட அவரது சம்மதம் வேண்டும் என்றது. ஆனால் ஊர்வலம், கூட்டம் போன்றவற்றின் படங்களுக்கு விலக்கும் அளித்தது. ஊர்வலத்தை எடுப்பது ஒன்று, அதில் ஒருவரை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டுவது இன்னொன்று என்பதே இதன் அடிப்படை.

அமெரிக்காவில் வேறு விதம். நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தில் பிலிப் லோர்கா டிகோர்சியா என்ற கலைஞர் விளக்குகளைப் பொருத்தி வைத்து, தூரத்தில் நின்று நடந்து செல்பவர்களின் முகங்களைப் படமெடுத்தார். அதில் ஒருவர் மரபுவழி யூதர். தன் முகம் கலைக்கூடத்தில் விற்பனைக்கு இருப்பதைப் பிறகுதான் அறிந்தார். தன் மத நம்பிக்கைக்கே இது எதிரானது என்று வழக்குப் போட்டார். 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. படம் கலை, கலைக்குச் சுதந்திரம் உண்டு என்பது தீர்ப்பு. சட்டப்படி கலைஞர் வென்றார். ஆனால் அந்த மனிதரின் இடத்தில் நம் பள்ளிவாசல் தலைப்பாகைக்காரர் ஒருவரையோ, நம் உம்மாவையோ வைத்துப் பார்த்தால், அந்த வெற்றி நம் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தெரியாது.

நம் பக்கத்தையும் பார்ப்போம்

படம் எடுப்பது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது ஆலிம்களின் வேலை. ஆனால் பிறரைத் துருவித் துருவிப் பார்ப்பதை சூரா ஹுஜுராத் தடுப்பதும், பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு நுழைய வேண்டும் என்பதை சூரா நூர் கற்பிப்பதும் நாம் சிறு வயதிலேயே மத்ரஸாவில் படித்தவை. பிறரின் குறையை மறைத்துக் காப்பதை நபிமொழிகள் எவ்வளவு உயர்வாகச் சொல்கின்றன என்பதும் வாசகர்களுக்குத் தெரியும். தெருவில் கதவு இல்லை என்பதற்காக மனிதனுக்கு உள்வீடே இல்லை என்று ஆகிவிடாது.

நம் வீட்டுப் பெண்கள் பெருநாள் திடலில் பிள்ளைக்குச் சோறூட்டும்போது யாரோ எடுத்த படம், மறுநாள் தெரியாத பக்கமொன்றில் வந்தால் நமக்குப் பொறுக்குமா? பொறுக்காது. அதே அளவுகோலை அடுத்தவர் திருவிழாவுக்குப் போகும்போதும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

பல சமூகங்கள் நெருங்கி வாழும் நாட்டில் ஒரு படம் ஒருவருடைய படமாக மட்டும் நிற்பதில்லை. ஹொரவப்பொத்தானை கிரலாகல தூபியின் மேல் ஏறி நின்று எடுத்த படங்கள் முகநூலில் பரவ, 2019 ஜனவரியில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதாகி விளக்கமறியலில் இருந்து, தண்டப்பணத்தோடு வெளியே வந்தது நமக்கு நினைவிருக்கும். விளையாட்டாக எடுத்த படம் அது. வேறு கண்கள் பார்த்தபோது அதன் பொருளே மாறியது. அதே வருடம் ஏப்ரலுக்குப் பின், முதுகில் பையும் கையில் கெமராவுமாகக் கூட்டத்துக்குள் போக நம் இளைஞர்கள் எவ்வளவு தயங்கினார்கள் என்பதும் தெரியும். அந்தத் தயக்கம் நிரந்தரமாகிவிடக் கூடாது. நம் பிள்ளைகள் பெரஹராவையும் தேரையும் படமெடுக்க வேண்டும், அடுத்தவர் கொண்டாட்டத்தை அன்போடு பார்க்கப் பழக வேண்டும். அதற்கு முறை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் முறை

முதலாவது, ஒளிந்து எடுக்காதீர்கள். போனை உயர்த்திப் பிடித்து, எல்லோரும் பார்க்கும்படி நில்லுங்கள். முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் வந்து முகம் காட்டுவார்கள், பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு உங்களை மறந்துவிடுவார்கள். அதன் பிறகு எடுப்பதெல்லாம் கென்டிட் படம்தான். ஆனால் நீங்கள் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியும். வேண்டாம் என்பவர் கையை ஆட்டுவார், முகத்தைத் திருப்புவார். உடனே போனைக் கீழே இறக்குங்கள். வார்த்தையில் கேட்கும் அனுமதியைவிட இந்தக் கண் அனுமதி கூட்டத்தில் நன்றாக வேலை செய்கிறது.

இரண்டாவது, துரத்தாதீர்கள், காத்திருங்கள். தேர் வளைவில் திரும்பும்போது கட்டாயம் மெதுவாகும். அங்கே முன்கூட்டியே போய், பின்னணி சுத்தமாக இருக்கும் பக்கத்தில் நில்லுங்கள். தேரைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தால் கானுக்குள் விழுவீர்கள். போனின் ஸூமை நம்ப வேண்டாம், அது படத்தை உடைத்துவிடும். பகலில் தப்பு அடிப்பவரின் கை தெளிவாக விழ ஷட்டர் வேகம் ஒரு வினாடியில் 250இல் ஒரு பங்காவது வேண்டும். இரவில் போன் தானாகவே ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும். அசையும் ஆள் மங்கலாவார். ஆகவே தேர் நிற்கும் கணத்துக்காகக் காத்திருங்கள், தேரின் விளக்கு விழும் முகங்களைத் தேடுங்கள். பிளாஷ் வேண்டாம். காவடி எடுப்பவரின் கண் கூசும். கண்டி பெரஹராவில் யானைக்கு முன்னால் பிளாஷ் அடிப்பது ஆபத்து. அங்கே கொப்பராப் பந்தங்களின் வெளிச்சமே போதுமான அழகு.

மூன்றாவது, தன்னிலை மறந்தவரைத் தனியாக எடுக்காதீர்கள். அருள் வந்தவர், மயங்கியவர், குடித்து விழுந்தவர், அழுபவர், உடை கலைந்தவர். இவர்களால் கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாதவரின் இடத்தில் நின்று நாமே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகளின் படத்தைத் தாய் தந்தையிடம் காட்டாமல் எங்கும் போடக் கூடாது.

நான்காவது, எடுப்பதும் வெளியிடுவதும் இரண்டு வேறு தீர்மானங்கள். இரண்டையும் ஒரே இரவில் எடுக்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். அந்தப் படத்தில் இருப்பவரின் மகன் நாளை வகுப்பில் இதைப் பார்ப்பான் என்று நினைத்துப் பாருங்கள். றொசல்ல போன்ற ஊரில் இது வெறும் கற்பனை இல்லை, கட்டாயம் நடக்கும்.

கடைசியாக, படத்தைத் திருப்பிக் கொடுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் இந்த நாட்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்படுபவர்கள். தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களது லயத்துச் சுவரில் அந்தப் படங்கள் இல்லை. கமரன் அம்மையார் காலத்தில் பெயர் எழுதப்படாதது போலவே இன்றும் எழுதப்படுவதில்லை. ஒரு படம் அச்சிடப் பெரிய செலவில்லை. பெயரைக் கேட்டு, பின்பக்கத்தில் திகதியோடு எழுதி, ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள்.

இதையெல்லாம் அந்த மாணவியிடம் சொன்னேன். "அப்ப கேக்காம எடுக்கலாமா சேர்?" என்று மறுபடியும் கேட்டாள். பிள்ளைகளுக்கு நேரான பதில் வேண்டும். "எடுக்கலாம் மகள். ஆனா எடுத்த பிறகு கட்டாயம் கேக்கணும்" என்றேன்.

திருவிழா முடிந்து நாற்பது படங்களோடு வந்தாள். பெரும்பாலும் மங்கலானவை. ஒன்று மட்டும் நன்றாக விழுந்திருந்தது. தேர் போன பிறகு, வெறும் சர்பத் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றும் ஒரு கடைப் பொடியன். பின்னால் தூரத்தில் தேரின் விளக்கு. சுவர்ப் பத்திரிகையில் அதைப் போடலாம் என்றேன்.

"இன்னும் அவன்கிட்ட காட்டல சேர்" என்றாள். "சனிக்கிழமை பசாருக்குப் போறேன். காட்டிட்டு வந்து ஒட்டுறேன்."

அந்த இடத்தை இன்னும் வெறுமையாகவே விட்டு வைத்திருக்கிறோம்.